புழுக்கடைக்குப் போன விருந்தாளிகள்

மார்லிஸ் டோலஃப்சன் வீட்டில் துணி துவைக்கிற அறைக்குள் நார்பி ஊரில் பாதி குடியிருந்தது. துவைக்கும் மிஷினுக்கும் உலர்த்தும் மிஷினுக்கும் நடுவே, ஒரு பழைய ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கறுப்பாக ஒரு கணினியை வைத்திருந்தாள். அதுதான் சர்வர். லூத்தரன் தேவாலயம், மாட்டு வைத்தியர், பனிவண்டிச் சங்கம், பேக்கரி, குப்பைக் கிடங்கு, இர்மாவின் ஏரிக்கரைக் குடில்கள், ஆர்லனின் தூண்டில் புழுக் கடை, இன்னும் இரண்டு என்று ஒன்பது வெப்சைட்டுகள் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தன.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஆறேகாலுக்கு வண்டியை எடுத்தால் எட்டேகாலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிடுவாள். பிறகு மத்தியானம் இரண்டே முக்காலுக்குத்தான் அடுத்த வேலை. நடுவில் கிடந்த அந்தப் பொழுதில்தான் இதெல்லாம் தொடங்கியது. பத்தாவதில் பாதியோடு படிப்பை விட்டு வான்கோழி ஆலைக்குப் போனவள் அவள். ஆலை மூடியபின் பேருந்துக்கு வந்தாள். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பழைய கணினிகளை வாரிக் குப்பையில் போட்டார்கள். ஓடுகிற பொருளைத் தூக்கிப்போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா வருகிற குணம் அவளுக்கு இல்லை. ஒன்றை வண்டியின் பின்சீட்டில் வைத்துக் கொண்டு வந்துவிட்டாள்.

ஆறு மாதம் அதைப் பிரித்தாள், மாட்டினாள், கெடுத்தாள், சரி செய்தாள். பாதிரியார் கேட்டாரென்று தேவாலயத்துக்கு ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு மாட்டு வைத்தியர் வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். புகைபோட்ட மீன், ஒரு டப்பா குக்கி, முற்றத்துப் பனியை வழித்துவிடுவது என்று அவரவர் கையில் இருந்ததைக் கூலியாகக் கொடுத்தார்கள். மனிதர்களோடு பேசுவதென்றால் மார்லிஸுக்குத் தொண்டை அடைக்கும். பெட்டியோடு அந்தக் கஷ்டம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததைச் சொல்லாது, முகத்தைப் பார்க்காது.

ஒரே பெட்டியில் ஒன்பது பேர் எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், "ஒரே வீட்டுல ஒன்பது குடித்தனம் இருக்குன்னு வச்சுக்கோங்க," என்பாள். "வெளியில ஒரே வாசல். வர்ற ஆளு வாசல்ல நின்னு பேரைச் சொல்லணும். சொன்ன பேருக்கு எந்தக் கதவோ அதை மிஷின் திறந்துவிடும். அவ்வளவுதான்." அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஜனவரியில் பழைய பெட்டி உயிரை விட்டது. வேறொன்றை வாங்கி, ஒன்பது குடித்தனத்தையும் இரண்டே நாளில் மாற்றினாள். ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தாள். ஒன்பதும் வந்தன. நிம்மதியாகத் துணி துவைக்கப் போனாள்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை நடை முடிந்து அவள் வீடு திரும்பியபோது வாசலில் இர்மா ஹாகன் நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு, தட்டின்மேல் பழஜாம் வைத்துச் சுட்ட கேக் துண்டுகள். பக்கெட் ஏரிக்கரையில் பதினான்கு மரக்குடில்களை வைத்துக் கோடையில் வாடகைக்கு விடுகிறவள் இர்மா.

"உன்னைத் தொந்தரவு பண்ண வரலை," என்றாள்.

"உள்ள வா. காபி போடறேன்."

"ஐயோ வேணாம். இப்பதான் குடிச்சேன்."

"கொஞ்சமா?"

"வேணாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்."

"ஏற்கெனவே போட்டு வச்சிருக்கேன்."

"அப்படின்னா அரைக் கோப்பை."

நார்பியில் மூன்றாவது தடவை கேட்டால்தான் கேட்டதாகக் கணக்கு. இர்மா இரண்டு கோப்பை குடித்தாள். வானிலை பேசினாள். ஏரியில் பனி எத்தனை அங்குலம் என்று பேசினாள். எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, கதவில் கை வைத்தபிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"என் பக்கம் ஓடுதில்ல மார்லிஸ்?"

"ஓடுதே. என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஒருத்தர் மினியாபோலிஸ்லேர்ந்து வர்றார். எல்லாத்தையும் வித்துடப் போறேன்."

மார்லிஸின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

பக்கெட் ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. போன வருஷம் எந்தக் குடும்பம் எந்தக் குடிலில் எந்த வாரம் தங்கியதோ, இந்த வருஷமும் அந்தக் குடிலும் அந்த வாரமும் அவர்களுக்கே. பிப்ரவரியில் இர்மா அஞ்சலட்டை போடுவாள். அவர்கள் வெப்சைட்டுக்குப் போய் வருகிறோம் என்று ஒரு வரி எழுதினால் போதும். மார்ச் பாதிக்குள் எழுதாவிட்டால் அந்த வாரம் யாருக்கு வேண்டுமானாலும் போகும். ஒவ்வொரு வருஷமும் இந்நேரத்துக்கு ஐம்பது குடும்பமாவது எழுதியிருக்கும்.

"இந்த வருஷம் எத்தனை பேர்?"

"துலூத்துல இருக்கிற என் தங்கச்சி."

"வேற?"

"அவ்வளவுதான். வெய்ட்னர் குடும்பம் கூட எழுதலை. இருபத்தாறு வருஷமா ஜூலை ரெண்டாவது வாரம் அஞ்சாம் நம்பர் குடில்ல இருக்கிறவங்க." இர்மா கையுறையை மாட்டிக் கழற்றி மறுபடி மாட்டினாள். "எல்லாம் அந்தப் பலகையால வந்தது. ‘குடிலுக்குள் மீன் அறுக்காதீர்’னு போன ஆகஸ்ட்ல எழுதி மாட்டினேன் பாரு, அதைச் சிவப்புல எழுதியிருக்கக் கூடாது. மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு."

"ஒரு போன் போட்டுக் கேளேன்."

"நானா? வராதவங்களை ஏன் வரலைன்னு கேக்கறதா? நீ கேப்பியா?"

மார்லிஸ் கேட்கமாட்டாள். நார்பியில் யாரும் கேட்கமாட்டார்கள்.

இர்மா போனதும் மார்லிஸ் சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். இர்மாவின் பக்கத்தைத் திறந்தாள். ஏரி வந்தது, படகுத்துறை வந்தது, சிரித்தபடி ஒரு நாய் வந்தது. பொய்ப் பெயரில் ஒரு வாரத்துக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் இர்மாவின் மெயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை நூலகத்துக்குப் போய் அங்குள்ள கணினியில் பார்த்தாள். ஏரி வந்தது. பள்ளி அலுவலகத்தில் ஒரு நிமிஷம் இடம் கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் நாய் சிரித்தது.

எல்லாம் சரியாக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. புதன்கிழமை, யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று பெட்டி தானாக எழுதி வைக்கிற பதிவை எடுத்து வரி வரியாகப் படித்தாள். பழைய பெட்டியிலிருந்து மாற்றி வைத்திருந்த பதிவில், போன மார்ச்சில் இர்மாவின் பக்கத்துக்குத் தூரத்து நகரங்களிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. ஒமாஹாவிலிருந்து வந்திருக்கிறார்கள், டெமாய்னிலிருந்து வந்திருக்கிறார்கள், ஃபார்கோவிலிருந்து வந்திருக்கிறார்கள். இந்த மார்ச்சில் வந்தது மூன்றே பேர். மார்லிஸ், இர்மா, இர்மாவின் தங்கை.

அவள் நெற்றியைச் சொறிந்துகொண்டாள். கோபித்துக்கொண்டவர்களை அவள் பேருந்தின் கண்ணாடியில் தினமும் பார்க்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஆனால் ஓரக்கண்ணால் ஒரு தடவையாவது எட்டிப் பார்ப்பார்கள். ஐம்பது குடும்பத்தில் ஒருத்தர் கூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் அது கோபம் இல்லை. அவர்கள் வாசலுக்கே வரவில்லை, அல்லது வேறு எங்கோ போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலிப் பேருந்தோடு ஆர்லன் ஸ்டாட்டின் புழுக்கடைக்குக் காபி குடிக்கப் போனாள். கடைக்கு ஏ-ஒன் தூண்டில் சாமான் என்று பெயர். ஆர்லன் வைக்கும் காபி புழுத்தொட்டி மண் மாதிரிதான் இருக்கும். ஆனால் அவனே பேசிக்கொண்டிருப்பான், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அது அவளுக்குச் சௌகரியம்.

"வாம்மா, சர்வர்காரி!" என்றான் ஆர்லன். "உன் கைராசியே கைராசி. இந்த வருஷம் என் வியாபாரம் எங்க போயிடுச்சு தெரியுமா? ஒமாஹாவுக்குப் புழு அனுப்பறேன்! ஒமாஹாவுக்கு!"

"ஒமாஹாவுல புழு இல்லையா?"

"அதான் எனக்கும் புரியலை. ஆனா வர்ற லட்சுமியை ஏன் வந்தேன்னு கேப்பாங்களா? ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு டஜன்தான் கேக்கறாங்க. அதோட ஒரு கடுதாசி வேற எழுதறாங்க. கேக்கறியா, வேடிக்கையா இருக்கும்." ஆணியில் குத்தி வைத்திருந்த காகிதங்களை உருவினான். "இதைக் கேளு. ‘புதுத் தொழில் நல்லா நடக்க வாழ்த்துறோம். ஏரியில நீந்தினதை எங்க பிள்ளைங்க மறக்கவே மாட்டாங்க.’ என் கடையில யாரு நீந்தினா? தொட்டியில புழுதான் நீந்துது!"

மார்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யார் எழுதினது?"

"யாரோ வெய்ட்னராம்."

"குடு இங்க."

"ஏய், ஏய், காபி கொட்டுது."

முப்பத்தெட்டுக் காகிதங்கள் இருந்தன. டெமாய்னிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘புழுவை வைத்து நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு டஜன் அனுப்புங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.’ ஃபார்கோக்காரர் ஒருவர், மாற்றம் எல்லோருக்கும் வருவதுதான் என்று ஆறுதல் சொல்லியிருந்தார். இன்னொருவர், குடில்கள் இருந்த இடத்தில் புழு வளர்ப்பது மண்ணுக்கு நல்லது என்று எழுதியிருந்தார். என்ன ஆயிற்று என்று மட்டும் ஒருத்தர் கூடக் கேட்கவில்லை.

கடைச் சுவரில், காணாமல் போன பூனை விளம்பரத்துக்குப் பக்கத்தில், இர்மாவின் அஞ்சலட்டை ஒன்று குத்தியிருந்தது. மார்லிஸ் அதைப் பிடுங்கி எடுத்தாள். வெப்சைட்டின் பெயர் கீழே பச்சை மையில் இருந்தது. பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ. பத்து வருஷத்துக்கு முன் இர்மா மொத்தமாக அச்சடித்து வைத்த அட்டை. அப்போதெல்லாம் மூன்று டபிள்யூ இல்லாமல் யாரும் பெயரை எழுத மாட்டார்கள். இப்போது ஊரில் யாரும் அதைத் தட்டுவதில்லை. மார்லிஸும் தட்டியதில்லை.

ஆர்லனின் கணினிக்குப் போய், அட்டையில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் அடித்தாள்.

திரை முழுக்க ஒரு புழு வந்தது. ஈரமாக, கொழுகொழுவென்று.

"நம்ம கடை!" என்றான் ஆர்லன் பெருமையாக. "நல்லா வந்திருக்கில்ல போட்டோ?"

அவளுக்குக் காது வரை சூடேறியது. ஜனவரியில் புதுப் பெட்டியில் முதலில் எழுதியது இர்மாவின் கதவைத்தான். அதில் மூன்று டபிள்யூ இல்லாத குட்டைப் பெயரை மட்டும் எழுதினாள். இரண்டாவதாகத் தேவாலயத்தை எழுதும்போதுதான், மூன்று டபிள்யூ போட்டு வருகிறவர்களும் இருப்பார்களே என்று நினைவு வந்தது. தேவாலயத்துக்கு இரண்டு பெயரும் எழுதினாள். மற்ற ஏழுக்கும் எழுதினாள். முதலாவதற்குத் திரும்பிப் போகவே இல்லை.

"அதுக்கு ஏன் என் கடை வருது?" ஆர்லன் கேட்டான்.

"தெரியாத பேரைச் சொன்னா மிஷின் திருப்பி அனுப்பாது. வரிசையில முதல் கதவு எதுவோ அதைத் திறந்துவிட்டுடும். அகர வரிசையில முதல்ல நிக்கறது நீதான்."

"பின்ன? எங்கப்பா கடைக்கு ஏ-ஒன்னு பேரு வச்சதே அதுக்குத்தானே! டெலிபோன் புத்தகத்துல முதல் பேரா வரணும்னு. பாரு, மனுஷன் செத்தும் வியாபாரம் பண்றார்!"

மார்லிஸ் காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற? என் ஒமாஹா வாடிக்கையை என்ன பண்ணப் போற?"

"மணி என்ன?"

"ஒன்பதே முக்கால். ஏன்?"

அவள் பேருந்தில் ஏறினாள். ஆர்லன் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தான். அவன் உட்கார்ந்தது முதல் வகுப்புப் பிள்ளைகளின் சீட்டில். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நின்றன.

வீட்டில் அவளுக்கு ஆனது மூன்று நிமிஷம். இர்மாவின் கதவில் இன்னொரு பெயரையும் எழுதினாள். சர்வரை ஒரு தடவை நிறுத்தித் தட்டி எழுப்பினாள். மூன்று டபிள்யூ போட்டு அடித்தாள். ஏரி வந்தது, படகுத்துறை வந்தது.

"அவ்வளவுதானா?" என்றான் ஆர்லன். "ஒரே வரி?"

"ஒரே வரி."

"இதுக்கா அந்தப் பொம்பளை ஏரியை விக்கப் போறா?"

மார்லிஸ் போனை எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. பத்தேகால். பக்கெட் ஏரி இருபத்திரண்டு மைல். அவள் கார் புது பிரேக்குக்காகப் பட்டறையில் கிடந்தது. பள்ளிப் பேருந்தைச் சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்று சாவியிலேயே சீட்டுக் கட்டியிருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் பேருந்தோடு போய்வந்த ஒரே வெளியிடம் ஆர்லனின் கடை, அதுவும் வீட்டுக்குப் போகிற வழியில் இருப்பதால். சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாவியைப் போட்டுத் திருகினாள்.

"நேத்துப் பெஞ்ச பனி இன்னும் வழிக்கலை," என்றான் ஆர்லன் பின்னாலிருந்து. "பார்த்து ஓட்டு. இந்த சீட்டுல பெல்ட்டு என் வயித்துக்கு எட்டலை."

"அப்ப கெட்டியாப் பிடிச்சுக்க."

ஏரிக்கரையில் இர்மாவின் வீட்டு முன் ஒரு வெள்ளைக் கார் நின்றது. மணி பதினொன்று ஐந்து. மார்லிஸ் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. பின்னாலேயே ஆர்லன் வந்தான். சாப்பாட்டு மேஜையில் காகிதங்கள் பரப்பியிருந்தன. லாஷ் என்ற அந்த மினியாபோலிஸ்காரர் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, நல்லபடியாக உட்கார்ந்திருந்தார். இர்மாவின் கையில் பேனா இருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"மார்லிஸ்! பூட்ஸோட... இல்ல, இன்னும் போடலை. பேனா எழுத மாட்டேங்குது, இவர் வேற பேனா குடுக்கறேன்னார், நான் வேணாம்னேன்..."

"தப்பு என்னோடது," என்றாள் மார்லிஸ்.

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் இர்மாவின் முகத்தைப் பார்க்காமல், மேஜை விரிப்பில் இருந்த வாத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "யாருக்கும் உன்மேல கோவம் இல்ல. எல்லாரும் வந்தாங்க. அட்டையில இருந்த பேரை அப்படியே அடிச்சுட்டு வந்தாங்க. அந்தப் பேரை நான் மிஷின்ல எழுத மறந்துட்டேன். அது எல்லாரையும் ஆர்லன் கடைக்கு அனுப்பிடுச்சு. நீ ஏரியை விட்டுட்டுப் புழு விக்க ஆரம்பிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டாங்க. இப்ப சரி பண்ணிட்டேன். ஆனா தப்பு என்னோடதுதான்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ஆர்லன் கேட்டதில்லை. அவன் தொப்பியைக் கழற்றினான்.

இர்மா காகிதங்களை வாங்கிப் படித்தாள். ஒவ்வொன்றாக, மெதுவாக. வெய்ட்னரின் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"ரெண்டு மாசமா என்னைப் புழு விக்க வச்சிருந்தியாடி?"

"ஆமா."

"இந்த டெமாய்ன் அம்மா... புழுவைக் கண்டாலே படகுலேர்ந்து குதிக்கற பொம்பளை. அவ ஒரு டஜன் வாங்கியிருக்கா!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப சிவப்புல எழுதினதுக்காக இல்லையா?"

"இல்ல."

"ஒருத்தர் கூடவா?"

"நாலாவது காகிதத்துல ஒருத்தர் பலகை நல்லா இருந்துச்சுன்னே எழுதியிருக்கார்," என்றான் ஆர்லன்.

இர்மா எழுந்தாள். மணி அடிக்கும் அடிக்கும் என்று காத்திருந்து காத்திருந்து, தாங்காமல் போன வாரம்தான் போனின் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். அதைத் தேடி மாட்டி, ஒமாஹாவுக்குப் போட்டாள். வெய்ட்னரின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"இர்மாவா! புழு வந்துடுச்சும்மா. ரொம்ப நல்ல புழு. ஃபிரிட்ஜ்ல பத்திரமா வச்சிருக்கோம்."

"புழுவை விடுங்க. நான் புழு விக்கலை. உங்களுக்கு உங்க வாரம் வேணுமா வேணாமா?"

அந்தப் பக்கம் யாரிடமோ அதைத் திருப்பிச் சொல்கிற சத்தம் கேட்டது.

"உனக்குச் சிரமம் இல்லன்னா," என்றார் வெய்ட்னர்.

"சிரமம் இல்ல."

"நிஜமாவா? நாங்க எங்கயாவது டெண்டு போட்டுக்கூட..."

"வெய்ட்னர்! வேணுமா?"

"வேணும்," என்றார். குரல் உடைந்திருந்தது. "ஏழு பேர் வர்றோம். பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கு. சேர்த்தா எட்டு."

இர்மா சுவரில் தொங்கிய கோடைக்கால அட்டவணையில் அஞ்சாம் நம்பருக்கு நேரே எட்டு என்று எழுதினாள். பிறகு லாஷ் பக்கம் திரும்பி, "உங்களை இவ்வளவு தூரம் வரவழைச்சுட்டேன்," என்றாள். "மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கு இல்ல."

"பரவாயில்லைம்மா, பரவாயில்லை," என்றார் லாஷ். காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டே ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஜூலை ரெண்டாவது வாரம் அஞ்சாம் நம்பர்..."

"அது கிடைக்காது," என்றாள் இர்மா.

முப்பத்தேழு காகிதங்கள் பாக்கி இருந்தன. காகிதம் எழுதாதவர்கள் வேறு. இர்மா பழைய விலாசப் புத்தகத்தைப் பிரித்து மேலிருந்து ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தாள். ஒவ்வொருவரும் முதலில் புழுவுக்கு நன்றி சொன்னார்கள். ஆர்லன் சமையலறையில் காபி வைத்தான். மார்லிஸ் கதவருகே நின்றாள். மணி பன்னிரண்டானது. ஒன்றரைக்காவது வண்டியைத் திருப்பினால்தான் பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இந்த வேகத்தில் இர்மா பாதிகூடத் தாண்டமாட்டாள்.

அவள் தன் செல்போனை எடுத்தாள். விலாசப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து ஒரு நம்பரை அடித்தாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"நான் நார்பியிலேர்ந்து பேசறேன்," என்றாள் மார்லிஸ். "உங்களைத் தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்குப் புழு வேணுமா, குடில் வேணுமா?"